அந்த முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரிஷியஸில் கத்ர் போர்ன் என்ற ஊரிலிருந்து எழுதுகிறேன். 31 ஆண்டுகள் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் நாளிதழைத் தினமும் காலையில் இணையத்தில் படித்துவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குப் போவேன். சில வாரங்களுக்கு முன் உங்கள் மருத்துவப் பக்கத்தில், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் வீடு திரும்பிய பிறகு கவனிக்க வேண்டியவை பற்றி நீண்ட கட்டுரை ஒன்று வந்திருந்தது. தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு, மாத்திரை எத்தனை மணிக்கு, சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் எதுவரை இருக்கலாம் என்று எல்லாம் தெளிவாக இருந்தன. அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் தோலைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி 2023-இல் எங்கள் கையில் இருந்திருந்தால் என் மகனுக்கு ஆறு மாதம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மகனுக்கு இப்போது வயது 24. பதினெட்டு வயதில் இரத்த அழுத்தம் ஏறி, தலைவலி என்று போனபோதுதான் இரண்டு சிறுநீரகங்களும் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருப்பது தெரிந்தது. ஐஜிஏ நெஃப்ரோபதி என்றார்கள், உடலின் எதிர்ப்புப் பொருளே சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுக்கிற நோய். இங்கே அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இலவசம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். அந்த நாற்காலியில் அவன் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் மாணவர்களின் நோட்டுகளைத் திருத்திய நாட்கள் உண்டு. 2022 ஜூன் மாதம் சென்னையில் என் இடது சிறுநீரகத்தை அவனுக்கு வைத்தார்கள். நாங்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்பதால் தாய் மகனாக இருந்தாலும் தூதரகச் சான்று, அனுமதிக் குழுவின் நேர்காணல் எல்லாம் வேண்டியிருந்தது. அந்தக் குழுவில் ஒரு பெரியவர், "நீங்கள் பேசுவது எங்கள் ஊர்த் தமிழ் மாதிரியே இருக்கிறதே அம்மா" என்றார். அன்று எனக்கு அதுவே பாதித் தைரியம்.

அறுவை நன்றாக முடிந்தது. மூன்றாவது மாதம் உடல் அந்தச் சிறுநீரகத்தை ஏற்க மறுக்கத் தொடங்கியதால் மருந்துகளைக் கூட்டினார்கள். டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு என்று மூன்று மாத்திரைகள். உடலின் காவல் படையைத் தூங்கவைக்கிற மருந்துகள் என்று அங்கே ஒரு செவிலியர் சொன்னார். வந்திருப்பது அம்மாவின் சிறுநீரகம் என்பது அந்தப் படைக்குத் தெரியாதே, அதனால் சண்டை போடும், ஆகவே அதைத் தூங்கவைத்தே ஆக வேண்டும் என்றார். படை தூங்கினால் இத்தனை காலம் அதற்குப் பயந்து ஒளிந்திருந்தவை வெளியே வரும். காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வாருங்கள், மூச்சிரைத்தால் வாருங்கள், சிறுநீர் குறைந்தால் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். சென்னையில் ஒன்பது மணிக்குக் கொடுத்த மாத்திரையை இங்கே ஏழரைக்குக் கொடுக்க வேண்டும், ஒன்றரை மணி நேர வித்தியாசம் என்பதைக்கூடச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தேன்.

2023 செப்டம்பரில் அவன் மூக்கின் நுனியில் சிறு சிறு பருக்கள் வந்தன. ஸ்டீராய்டு சாப்பிடுகிற பிள்ளைக்கு முகப்பரு வருவது சகஜம். இங்கே கிரியோலில் பருவைப் 'புத்தோ' என்பார்கள். வயசுப் பையன், புத்தோதான், போய்விடும் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். இரண்டு மாதத்தில் மூக்கு முழுதும், பிறகு கன்னத்தில், நெற்றியில், காது மடலில், தாடையில் வந்துவிட்டது. பருவில் சீழ் இருக்கும், இதில் இல்லை. வலி இல்லை, கொஞ்சம் அரிப்பு மட்டும். கண்ணால் பார்த்தால் தோல் தடித்து, மூக்கு பருத்து, சிங்கத்தின் முகம் போல ஆகிக்கொண்டிருந்தது. தொட்டால்தான் உண்மை தெரியும். ஒருநாள் அவன் தூங்கும்போது கன்னத்தைத் தடவினேன். உப்புத்தாளைத் தடவுவது போல இருந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒவ்வொரு மயிர்க்காலிலிருந்தும் வெள்ளையாக ஒரு முள், ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், பிஞ்சுப் பலாக்காயின் தோல் மாதிரி. புருவம் இரண்டும் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தன. கண்ணிமை மயிரும் போய்க்கொண்டிருந்தது. நான் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே ஒரு கிளினிக்கில் காட்டினோம். பருக்களுக்கான களிம்பு, பிறகு ஆன்டிபயாட்டிக், பிறகு வேறொரு களிம்பு. ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் பார்க்கவில்லை. மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிள்ளை என்று நான் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள், ஆனால் அந்தச் செய்திக்கும் அந்த முகத்துக்கும் முடிச்சுப் போடவில்லை. ஒரு துளி தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன், மாதம் தவறாமல் சிறுநீரகப் பிரிவுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தோம். அங்கேயும் ஆறு மாதம் யாருக்கும் தெரியாமலே போனது. எப்படி என்றால், என் மகன் முகக்கவசம் போட்டிருந்தான்.

கொரோனா காலத்தில் எல்லோரும் போட்டோம். பிறகு ஊரே கழற்றிவிட்டது. மாற்று உறுப்பு வைத்தவர்கள் மட்டும் கூட்டத்தில் தொடர்ந்து போடுவது நல்லதுதான். என் மகன் அதற்குள் ஒளிந்துகொண்டான். நெற்றிவரை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கீழே கவசத்தை ஏற்றிக்கொண்டு போய் உட்காருவான். எடை பார்ப்பார்கள், இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள், தாளில் எண்களைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்புவார்கள். சென்னை மருத்துவரிடம் தொலைபேசியில் பேசும்போதும் எண்கள்தான். நானும் கூட இருப்பேன். அவன் கண்ணாலேயே "சொல்லாதே அம்மா" என்று கெஞ்சுவான். கிளினிக்கில் பார்க்கிறார்களே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது நான் செய்த தவறு, அதை மறைத்து இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முகத்தில் எது வந்தாலும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அம்மை. என் நாத்தனார், "அம்மன் வந்திருக்கிறாள், மருந்து போடாதே" என்றார். நான் அம்மனை நம்புகிறவள். தீமிதிக்கு விரதம் இருக்கிற குடும்பம் எங்களுடையது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அவன் முகத்தில் பூசினேன். தோல் எரிந்து சிவந்ததுதான் மிச்சம். ஒரு சித்தப்பா உள்ளுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு சூரணம் கொண்டுவந்தார். அதைக் கொடுக்கவில்லை. டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்கள் பம்பளிமாஸ் பழமே சாப்பிடக்கூடாது, இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும் என்று சென்னையில் சொல்லியிருந்தார்கள். இந்தத் தீவில் அந்தப் பழத்தின் பெயரில் ஒரு மாவட்டமே இருக்கிறது, பாம்பிள்மூஸ். வீட்டுக்கு வீடு மரம் உண்டு. ஒரு பழத்துக்கே அந்தப் பாடு என்றால், என்னென்ன இருக்கிறதோ தெரியாத சூரணத்தை நம்பி எப்படிக் கொடுப்பது?

சொந்தக்காரர்கள் மெல்ல விலகினார்கள். விசேஷ வீடுகளில் ஏழு கறியோடு இலை போடும்போது அவனுக்கு மட்டும் ஓரத்தில் போட்டார்கள். 2024 ஜனவரி 25 தைப்பூசம். சிறுநீரகம் கிடைத்தால் காவடி எடுப்பதாக எனக்கு வேண்டுதல். கோர் டி கார்ட் மலையில் இருக்கிற முருகன் கோயிலுக்குக் காவடிகள் ஏறுவதை இந்தத் தீவில் பார்க்காதவர்கள் இல்லை. அவன் வரமாட்டேன் என்றான். கூட்டத்தில் யாராவது கவசத்தைப் பிடித்து இழுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான். நான் பால்குடம் எடுத்துத் தனியாக ஏறினேன்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. அவன் இரவில் கைப்பேசியில் தேடித் தேடி, தடுப்பாற்றலைக் குறைக்கிற மருந்துகளால் இப்படி வரும், மருந்தைக் குறைத்தால் போகும் என்று எங்கோ படித்துவிட்டான். படித்தது பொய்யில்லை. ஆனால் யாரிடமும் சொல்லாமல் தானாகவே மாத்திரைகளைப் பாதியாக்கிக்கொண்டான். ஏழரை மணிக்கு என் கண் முன்னே வாயில் போடுவான், ஒன்றை நாக்கின் கீழே வைத்திருந்து பிறகு துப்பிவிடுவான். ஆறு வாரம். மார்ச் மாதப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.3-லிருந்து 2.4-க்கு ஏறியிருந்தது. கால் வீங்கியிருந்தது. ஐந்தாம் நாள் நாங்கள் சென்னையில் இருந்தோம்.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பிள்ளை ஏன் அப்படிச் செய்தான் என்று நான் கோபப்படவில்லை. இருபத்திரண்டு வயதில் கண்ணாடியில் தன் முகமே தெரியாமல் போனால் யார்தான் பொறுத்துக்கொள்வார்கள்? உள்ளே இருக்கிற சிறுநீரகத்தை யாரும் பார்ப்பதில்லை, முகத்தைத்தானே எல்லோரும் பார்க்கிறார்கள். "அம்மா, உன் சிறுநீரகத்தை நான் கெடுத்துவிட்டேன்" என்று அந்த வார்டில் அவன் அழுதான். உன் சிறுநீரகம்தான் கண்ணா, என்னுடையது இதோ இருக்கிறது என்று என் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன்.

சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உடல் மறுபடியும் சண்டை பிடிக்கிறது என்று தெரிந்து மூன்று நாள் ஸ்டீராய்டை இரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். இரண்டாம் நாள் காலை, பயிற்சி மருத்துவர் ஒரு பெண், மிஞ்சினால் இருபத்தேழு வயது இருக்கும், கட்டிலருகே வந்து, "தம்பி, மாஸ்க்கைக் கொஞ்சம் கழட்டுங்க, தொண்டையைப் பார்க்கணும்" என்றார். அவன் தயங்கினான். அவர் காத்திருந்தார். கழற்றினான். அவர் தொண்டையைப் பார்க்கவே இல்லை. விரலால் மூக்கைத் தொட்டார், புருவத்தைத் தொட்டார், காது மடலைத் திருப்பிப் பார்த்தார். "இது எத்தனை மாசமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு நேரே தோல் பிரிவுக்கு ஆள் அனுப்பினார். அந்தப் பெண்ணை நான் தினமும் சாமி கும்பிடும்போது நினைத்துக்கொள்கிறேன்.

கன்னத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் அளவில் தோல் எடுத்துச் சோதித்தார்கள். நோயின் பெயர் ட்ரைக்கோடிஸ்பிளாசியா ஸ்பைனுலோசா. முடி சரியாக உருவாகாமல் முள்ளாக நிற்பது என்று பொருள். இந்தப் பெயரே 1999-இல்தான் வைக்கப்பட்டது. அதற்கு முன் இதைச் சில மருத்துவர்கள் சைக்ளோஸ்போரின் என்ற மாத்திரையின் பக்கவிளைவு என்று நினைத்திருந்தார்கள். ஒரு வைரஸ்தான் காரணம் என்று சந்தேகம் இருந்தாலும் அது எந்த வைரஸ் என்று உறுதியானது 2010-இல். நெதர்லாந்தில், இதய மாற்று செய்துகொண்ட 15 வயதுப் பையன் ஒருவனின் முகத்திலிருந்து பிடுங்கிய முட்களிலிருந்து லைடன் நகர ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். இதை அந்தத் தோல் மருத்துவர் சொன்னபோது நான் அந்தப் பையனின் அம்மாவை நினைத்தேன். அவரும் இப்படித்தான் விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்திருப்பார்.

அது பாலியோமா வைரஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு அந்தக் குடும்பத்தில் ஒன்றை நன்றாகத் தெரியும், பிகே வைரஸ். அவ்வப்போது அதற்கு இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், ஏனென்றால் அது புதுச் சிறுநீரகத்தையே அரிக்கும். 1971-இல் சிறுநீரகம் மாற்றிய ஒரு நோயாளியின் சிறுநீரில் அது கண்டுபிடிக்கப்பட்டது, பிகே என்பது அந்த நோயாளியின் பெயரின் முதலெழுத்துகள். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் சோதனைத் தாளில் வெறும் இரண்டு எழுத்தாகப் பார்த்தது ஒரு மனிதரின் பெயர்.

இந்த முள் வைரஸ் அரிய ஒன்று என்று நினைத்தேன். இல்லையாம். நெதர்லாந்தில் சோதித்துப் பார்த்ததில் பெரியவர்களில் பத்தில் ஏழு பேருக்கு இதன் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருந்தது. அதாவது பெரும்பாலோர் சிறு வயதிலேயே இதை வாங்கி, ஒரு அடையாளமும் இல்லாமல் உடம்பில் வைத்திருக்கிறோம். காவல் படை விழித்திருக்கும்வரை அது வாலாட்டாது. நோய்தான் அரிது. உறுப்பு மாற்றியவர்களிலும், இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களிலும் வெகு சிலருக்கே வருகிறது. ஓரத்தில் இலை போட்ட என் சொந்தக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் உடம்பிலும் அதே வைரஸ் இருக்கக்கூடும்.

முள் எப்படி வருகிறது என்று கேட்டேன். ஆசிரியை அல்லவா, புரியாமல் விட மாட்டேன். மயிர்க்காலுக்குள் முடியைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது, முடி வளரும்போது அச்சு மாதிரி அதற்கு வடிவம் கொடுப்பது அதுதான். வைரஸ் அந்த உறையின் செல்களுக்குள் புகுந்து அவற்றை ஓயாமல் பெருகச் செய்கிறது. அச்சு கெட்டுப்போகிறது. முடி உருவாவதில்லை. அதற்குப் பதிலாகக் முடியிலும் நகத்திலும் இருக்கிற கெரட்டின் என்ற கெட்டியான புரதம் ஒரு முள்ளாகத் திரண்டு வெளியே தள்ளப்படுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் மயிர்க்கால் உப்பிப்போய், உறைச் செல்களுக்குள் பெரிய சிவப்புத் துகள்கள் தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸே வரிசையாக அடுக்கி வைத்தது போலத் தெரியும். அந்தத் துணுக்கிலிருந்து பிசிஆர் சோதனையும் செய்து உறுதி சொன்னார்கள். கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே பிசிஆர்தான்.

சரி, மருந்து என்ன? தடுப்பாற்றலை அடக்குகிற மருந்தைக் குறைப்பதுதான் முதல் வழி. அவன் படித்தது அதைத்தான். ஆனால் எதை, எவ்வளவு, எப்போது என்பதில்தான் உயிர் இருக்கிறது. சிறுநீரகம் அப்போதுதான் சண்டையிலிருந்து மீண்டுகொண்டிருந்தது. ஒரு பக்கம் குறைத்தால் சிறுநீரகம் போகும், குறைக்காவிட்டால் முகம் போகும். சிறுநீரக மருத்துவரும் தோல் மருத்துவரும் அவன் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அரைமணி நேரம் பேசினார்கள். அப்படி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. ஏழு வாரம் பொறுத்து, கிரியாட்டினின் இறங்கிய பிறகு மைக்கோபீனோலேட்டை மட்டும் மெல்ல மெல்லக் குறைத்தார்கள். டாக்ரோலிமஸ் அளவை வாரா வாரம் பார்த்துக்கொண்டார்கள். அதோடு வைரஸுக்கு எதிரான வால்கான்சிக்ளோவிர் மாத்திரை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறதோ அதற்கேற்றபடி அதன் அளவு. இடையில் வெள்ளை அணுக்கள் குறைந்து இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத் தொடங்கினார்கள். சிடோஃபோவிர் என்ற மருந்தைக் களிம்பாகப் போட்டால் நல்ல பலன் உண்டு, லைடன் பையனுக்கும் அதைத்தான் போட்டார்களாம். ஆனால் அது குழாயில் அடைத்துக் கடையில் விற்பதில்லை. ஊசி மருந்தை வாங்கி, அதைக் களிம்பில் கலந்து தரத் தெரிந்த மருந்தகம் வேண்டும். ஊசியாகவே போட்டால் சிறுநீரகத்துக்கு ஆகாது. விலையும் எங்களுக்கு எட்டவில்லை. எங்களுக்கு மாத்திரையும் மருந்துக் குறைப்பும் போதுமானதாக இருந்தது, அது எங்கள் நல்ல நேரம்.

நான்காவது மாதத்தில் முட்கள் குளிக்கும்போதே உதிரத் தொடங்கின. மூக்கு தன் அளவுக்குத் திரும்பியது. அக்டோபரில் ஒருநாள் காலை, அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது வலப் புருவத்தில் பூனை முடி போல நாலு மயிர் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் அவன் தட்டில் இன்னொரு கரண்டி ஊறுகாய் வைத்தேன். ஊறுகாய் அவனுக்கு ஆகாது, உப்பு. அன்றைக்குக் கை தானாகச் செய்துவிட்டது.

சிறுநீரகம் மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. கிரியாட்டினின் 1.7-இல் நிற்கிறது. அந்த ஆறு வாரத்தில் போனது போனதுதான் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். என் சிறுநீரகம் அவனுக்குள் இருபது ஆண்டு ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இப்போது கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன்.

இதை எல்லாம் எழுதுவது ஆறுதல் தேடி இல்லை. தமிழ்நாட்டில் மாற்று அறுவை செய்துகொண்டு இந்தத் தீவுக்கும் வேறு எத்தனையோ ஊர்களுக்கும் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் கையில் கொடுக்கிற தமிழ்க் கையேட்டில் தோலுக்கு ஒரு பக்கம் வேண்டும். இந்த முள் நோய் மட்டும் என்றில்லை. காவல் படை தூங்கும்போது மருக்கள் கை நிறைய முளைத்துப் போகவே மாட்டேன் என்கின்றன, அவற்றில் சில பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறலாம். பாலுண்ணி என்று நாம் சொல்வது சிறு பிள்ளைகளுக்கு வந்து தானாகப் போகும், இவர்களுக்கு முகம் முழுதும் பரவும். அக்கி வந்தால் இடுப்பில் ஒரு பட்டையோடு நிற்காமல் உடம்பெங்கும் போகலாம். ஊதா நிறத்தில் தழும்பு போலத் தடித்தால் அது கப்போசி சார்கோமா என்ற புற்றாக இருக்கலாம், அதற்குக் காரணமும் ஒரு வைரஸ்தான். வெயிலால் வரும் தோல் புற்று மற்றவர்களைவிட இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். கருப்பாக இருக்கிறோமே, நமக்கு வராது என்று இருந்துவிடக் கூடாது.

இங்கே சின்னம்மையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு குழந்தைக்குச் சின்னம்மை வந்தால், உறுப்பு மாற்றியவர் அந்த வீட்டில் ஒரு மணி நேரம் இருந்திருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர் முன்பு சின்னம்மை வந்தவரா இல்லையா என்று பார்த்து, தேவைப்பட்டால் சில நாட்களுக்குள் பாதுகாப்பு மருந்து கொடுப்பார்கள். கொப்புளம் வரட்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை பார்க்கலாம் என்று காத்திருந்தால் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போய்விடும். அம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், வேப்பிலை கட்டுங்கள், நானும் செய்கிறேன். மருத்துவருக்கும் அதே நாளில் போன் செய்யுங்கள். சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள வைரஸால் செய்யப்பட்டது, மாற்று அறுவைக்குப் பிறகு பொதுவாகப் போடுவதில்லை. வரிசையில் காத்திருக்கும்போதே கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். என் மகனுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. நல்லவேளை, ஆறு வயதில் அவனுக்கு வந்து போயிருந்தது.

மருத்துவர்களிடம் நான் கேட்பது ஒரு நிமிடம்தான். எண்களைப் பார்த்து முடித்ததும் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லுங்கள். தொப்பியையும் எடுக்கச் சொல்லுங்கள். முகத்தை விரலால் தொட்டுப் பாருங்கள், ஏனென்றால் எங்கள் நிறத்தில் சிவப்பு தெரியாது. அந்த நோயைப் பற்றி அந்தத் தோல் மருத்துவர் எனக்குத் தன் கணினியில் காட்டிய படங்களில் இருந்த முகங்கள் எல்லாம் வெள்ளை முகங்கள். இளஞ்சிவப்புத் தோலில் முள் எடுப்பாகத் தெரிகிறது. என் மகனின் கன்னத்தில் அது வெறும் சொரசொரப்பாகத்தான் தெரிந்தது. ஆறு மாதக் களிம்புக்கும் பரு அடங்கவில்லை என்றால் ஒரு துணுக்கு எடுத்து அனுப்பிவிடுங்கள். அப்புறம், அந்தப் பிள்ளையிடம் தனியாக, அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள், மாத்திரையைக் குறைத்தாயா என்று. திட்டுவது போலக் கேட்காதீர்கள். நான் பக்கத்தில் இருந்தால் என் மகன் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டான்.

உறுப்பு மாற்றிக்கொண்டு இதைப் படிக்கிற பிள்ளைகளே, முகம் மாறினால் மறைக்காதீர்கள். மருந்துதான் காரணமாக இருக்கலாம், குறைக்கவும் வேண்டியிருக்கலாம். ஆனால் ஒரு மாத்திரையைக்கூட நீங்களாகக் குறைக்காதீர்கள். குறைத்துவிட்டிருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், யாரிடமாவது.

2025 பிப்ரவரி 11-இல் தைப்பூசம் வந்தது. அவன் காவடி எடுக்கவில்லை, வெயிலில் அவ்வளவு நேரம் நிற்கக் கூடாது, அலகு குத்துவது அறவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதிகாலையில் கூட்டம் சேருமுன் கை நீளச் சட்டையோடு என்னுடன் மலைக்கு வந்தான். படியேறும்போது கவசத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

இந்தக் கடிதத்தை அனுப்பலாமா என்று அவனிடம் கேட்டேன். வேலை தேடிக்கொண்டிருப்பதால் பெயர் மட்டும் வேண்டாம் என்றான். அவன் முகத்தின் படங்கள், முள் இருந்தபோது எடுத்தவை, போன பிறகு எடுத்தவை எல்லாவற்றையும் அந்தத் தோல் மருத்துவரிடம் அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான், நம் நிறத்துத் தோலில் இது எப்படி இருக்கும் என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. கண்ணை மறைக்கட்டுமா என்று அவர் கேட்டாராம். வேண்டாம், புருவம் தெரியாமல் போய்விடும் என்று சொன்னானாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்,
கத்ர் போர்ன், மொரிஷியஸ்.